36 வாரத்தில் பிறந்த மகள் மார்பில் வைத்ததும் தூங்கிவிடுகிறாள், நாளை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள்

நெல்லைப்பெண் (டர்பன், தென்னாப்பிரிக்கா) எழுதியது:

மகள் பிறந்து இன்று நான்காவது நாள். 36 வாரமும் ஒரு நாளும் ஆனபோது எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று சிசேரியன் செய்து எடுத்தார்கள். பிறந்தபோது 2,460 கிராம். மூச்சுத் திணறல் இல்லை, இன்குபேட்டரில் வைக்கவும் இல்லை, நேராக என் அறைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் 'முழுமாதக் குழந்தை மாதிரியே இருக்கிறாள்' என்றார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். இன்று காலை எடை 2,240.

மார்பில் வைத்தால் நாலைந்து தடவை உறிஞ்சுகிறாள், உடனே கண் செருகிவிடுகிறது. காது மடலைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன், ம்ஹூம். அரைமணி நேரம் மார்பிலேயே கிடக்கிறாள், ஆனால் விழுங்குகிற சத்தம் கேட்பதே இல்லை. அழுவதும் இல்லை. இரவு சிஸ்டர், சமத்துக் குழந்தை, பசித்தால் தானே எழுந்துகொள்ளும், நீங்கள் தூங்குங்கள் என்றார். காலை சிஸ்டர் வந்து எடையைப் பார்த்துவிட்டு, ஃபார்முலா (டப்பா பால்) கொடுத்தே ஆக வேண்டும், ஏன் இவ்வளவு நேரம் தூங்கவிட்டீர்கள் என்று என்னைக் கேட்டார். பாலூட்டல் ஆலோசகர் முதல் நாள் வந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு தாளைக் கையில் கொடுத்து, சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று கூப்பிட்டேன், சனி ஞாயிறு அவருக்கு விடுப்பாம்.

பம்ப் வைத்து எடுத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 12 மில்லி வருகிறது. அம்மாவுக்கு விசா வரவில்லை, ஊரிலிருந்து வீடியோவில் பார்த்து அழுகிறாள். அத்தை இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ரொம்ப அன்பாகப் பார்த்துக்கொள்கிறார், ஆனால் அவருக்கு எல்லாமே முழுமாதப் பிரசவம், 'அவ சாப்பிடுவா, விடு' என்கிறார். நாளை டிஸ்சார்ஜ். என் பால் போதுமா? போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் என்ன கேட்டு வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

தங்கச்சி, நான் இங்கே குவாசுலு நட்டால் மாகாணத்தில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள். இரவு சிஸ்டர் சொன்னது முழுமாதக் குழந்தைக்குச் சரி, உங்கள் மகளுக்குச் சரியில்லை. இன்று இரவே இது தேவைப்படும் என்பதால் முதலில் சொல்கிறேன்: போன தடவை பால் கொடுக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், எழுப்புங்கள். 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் உள்ளே போக வேண்டும். குழந்தையை எழுப்பவே முடியவில்லை, துவண்டு கிடக்கிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது என்றால் மணியை அடித்து டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

34 வாரம் முடிந்து 37 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தைகளை 'லேட் ப்ரீடெர்ம்' என்போம். வார்டிலேயே அதிகமாக ஏமாற்றுகிற குழந்தைகள் இவைதான். எடை ஓரளவு இருக்கும், முகம் உருண்டையாக இருக்கும், தாயோடு போட்டுவிடுவார்கள். ஆனால் 35 வாரத்தில் மூளையின் எடை முழுமாதத்தில் இருக்க வேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்யும் பழக்கம் கடைசி வாரங்களில்தான் கைகூடும். கன்னத்தில் கொழுப்பு குறைவு, வாய்க்குள் பிடிமானம் குறைவு, நாலு உறிஞ்சலில் களைத்துவிடும். அந்தக் களைப்பைத் திருப்தி என்று எடுத்துக்கொள்கிறோம். அழாத குழந்தையைச் சமத்து என்று சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் பால் குறைந்தால் மஞ்சள் காமாலை ஏறும், காமாலை ஏறினால் இன்னும் தூக்கம், இன்னும் குறைவாகக் குடிக்கும். நாலைந்து நாள் கழித்து இப்படித்தான் திரும்ப வந்து நீல விளக்கின் கீழே படுக்க வேண்டி வருகிறது.

உங்கள் பக்கம் பாருங்கள். ரத்த அழுத்தம், சிசேரியன், வலுவில்லாத உறிஞ்சல், மூன்றுமே பால் இறங்குவதைத் தள்ளிப்போடும். மார்பிலிருந்து எவ்வளவு வெளியே போகிறதோ அதை வைத்துத்தான் அடுத்த சுரப்பு. இவளால் காலி செய்ய முடியாதபோது அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவை மார்பில் வைத்த பிறகும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிற மின்சாரப் பம்பில் கால் மணி நேரம், முடித்த பிறகு கையால் ஒரு நிமிடம் பீச்சிப் பாருங்கள், பம்ப் விட்டுவைத்தது வரும். இரவில் ஒரு தடவையாவது கட்டாயம். 12 மில்லியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிதான் குழந்தைகள் குடிக்கும், நான்காம் நாளில் 30 முதல் 60 வரை போகும். ஆகவே இப்போது உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை முதலில் உங்கள் பீச்சிய பாலால் நிரப்புங்கள், போதாததற்கு டாக்டர் சொல்லும் அளவு ஃபார்முலா கொடுங்கள். டர்பனில் இத்தெம்பா லெத்து தாய்ப்பால் வங்கி இருக்கிறது, ஆனால் தானப்பால் முதலில் போய்ச் சேருவது மிகச் சின்னக் குழந்தைகளுக்கு. உங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம், நம்பி உட்கார வேண்டாம். ஃபார்முலாவை மருந்து மாதிரி நினையுங்கள்: அளவு உண்டு, எத்தனை நாள் என்பதும் உண்டு. 2011இல் தாய்ப்பாலை ஆதரித்து ஷ்வானே பிரகடனம் வந்த பிறகு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாக டப்பா கொடுப்பதை நிறுத்தினார்கள், 2012 விதிகளின்படி ஃபார்முலாவுக்கு விளம்பரமும் கூடாது. தாய்ப்பாலைக் காப்பாற்றத்தான் இதெல்லாம். பசியில் இருக்கிற குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நாளை காலை டாக்டர் ரவுண்ட் வரும்போது இதை அப்படியே கேளுங்கள்: 9 சதவீதம் எடை குறைந்து, இன்னும் ஏறத் தொடங்காத 36 வாரக் குழந்தையை இன்று அனுப்பலாமா? ஒரு நாள் கூடுதலாக வைக்க டாக்டர் மெடிக்கல் எய்டுக்கு (மருத்துவக் காப்பீட்டுக்கு) காரணம் எழுதிக் கேட்க முடியும், கேட்டால்தான் எழுதுவார்கள். அடுத்து, ஒரு பால்வேளை முழுவதையும், தொடக்கத்திலிருந்து கடைசிவரை, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதே வேளையில் பால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும், நாப்கினை மாற்றாமல், அதே தராசில் எடை போடச் சொல்லுங்கள். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லி உள்ளே போனதாகக் கணக்கு. இது ஒன்று செய்தாலே பாதிச் சந்தேகம் தீரும். காமாலை அளவைப் பார்த்தே அனுப்ப வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது, நம் நிறத்துக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் இரண்டு நாளுக்குள் எடை பார்க்க எங்கே வர வேண்டும் என்பதை குழந்தையின் எடை, தடுப்பூசி எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.

சட்டையைக் கழற்றி நாப்கினோடு மட்டும் குழந்தையை உங்கள் நெஞ்சில் வைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள், இப்போதே. 1978இல் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை. குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறந்தால் ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைத்திருக்க 2022இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. சூடு நிற்கும், சர்க்கரை இறங்காது, தூக்கத்திலேயே வாயைச் சப்பத் தொடங்குவாள். அந்த நேரம்தான் மார்பில் வைக்க நல்ல நேரம். ஒரே ஒரு எச்சரிக்கை, உங்களுக்குக் கண் சொருகினால் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவளைத் தொட்டிலில் போட்டுவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

என் இரட்டையர் 35 வாரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தார்கள், இப்போது கிரேடு 2 படிக்கிறார்கள். 'எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது' என்று என் காது படவே ஒரு பெரியம்மா சொன்னார், இன்றுவரை மறக்கவில்லை. அதனால் இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேலே சிஸ்டர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் வீட்டில் அது எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். மார்பில் வைப்பது, பீச்சியதைக் கொடுப்பது, அப்புறம் பம்ப் செய்வது, கழுவி வைப்பது, எல்லாம் முடிந்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்திருக்கும். முதல் வாரம் ஒவ்வொரு சுற்றும் எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கிளினிக்கில் ஒரு சிஸ்டர்தான் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னார், மார்பில் பதினைந்து இருபது நிமிடம் போதும், விழுங்குவது நின்றால் எடுத்துவிடு, தூங்குகிற குழந்தையை மார்பில் தொங்கவிட்டால் அது தின்ற பாலைவிடச் செலவழிக்கிற பலம் அதிகம் என்று. அதற்குப் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பால் குடிக்கும்போது உறிஞ்சல் மெதுவாகும் நேரத்தில் உள்ளங்கையால் மார்பை அடியிலிருந்து மெல்ல அழுத்திப் பிடியுங்கள், பால் வாய்க்குள் பாயும், 'க்ளக்' என்று விழுங்குவாள். விட்டு விட்டு அழுத்துங்கள். சிசேரியன் தையலில் படாமல் இருக்க, குழந்தையின் உடம்பை அக்குளுக்குக் கீழே இடுக்கி, தலையை உள்ளங்கையில் தாங்கிப் பிடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

பீச்சிய பாலை எதில் கொடுப்பது என்பதில் இங்கே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வார்டில் சின்ன பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தார்கள், எனக்குப் பாதி கழுத்தில் வழிந்தது. ஒரு சொட்டு வழிந்தாலும் அழுகை வரும், அதை எடுக்க எவ்வளவு பாடு. என் பாட்டி வீட்டு அலமாரியிலிருந்து வெள்ளிப் பாலாடைச் சங்கைத் தேடி எடுத்துக் கொடுத்தார், அவருடைய பாட்டி காலத்தது, மூக்கு தேய்ந்து மழுங்கியிருந்தது. கொதிக்க வைத்து எடுத்து, குழந்தையை நிமிர்த்தி உட்கார்த்தி, கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, துளித்துளியாக, அவன் விழுங்கிய பிறகே அடுத்த துளி. 20 மில்லி கொடுக்க பத்து நிமிடம். படுக்க வைத்து ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். உங்களிடம் சங்கு இல்லையென்றால் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்குங்கள், அதுவரை கப் அல்லது சிரிஞ்ச் போதும்.

அப்புறம் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) காலத்தில் நான் பட்டது. இப்போது குறைந்திருந்தாலும் டர்பன் வெயிலில் மின்சாரம் போனால் பால் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சின்னச் சின்ன அளவாக, தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். பிரிட்ஜில் நாலு நாள். ஐஸ்கட்டி போட்ட கூலர்பெட்டி ஒன்று தயாராக இருக்கட்டும், கையால் பீச்சத் தெரிந்திருந்தால் பம்ப் ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

பீனிக்ஸ் ஆயா எழுதியது:

பேத்தி டைப் செய்து கொடுக்கிறாள். கண்ணு, உன் அத்தை சொல்கிறபடி பூண்டைப் போட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு. எல்லாம் உடம்புக்கு நல்லது, பிள்ளை பெற்ற உடம்பு காய்ந்து கிடக்கும். ஆனால் அது மட்டும் போதும் என்று நாங்கள் நினைத்ததில்லை. என் மூத்தவள் மாதம் நிறையாமல் பிறந்தபோது என் மாமியார் இரவெல்லாம் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பிள்ளையை எழுப்பி எழுப்பி என் மாரில் வைப்பார். காலைச் சொறிந்துவிடுவார், துணியை அவிழ்த்துவிடுவார். 'தூங்குகிற பிள்ளைக்குத் தாய்தான் பசி' என்பார். அப்போது பம்பு ஏது, கையால் பீச்சி வெண்கலக் கிண்ணியில் பிடிப்பேன். நாற்பது நாள் என்னை அடுப்படிப் பக்கம் விடவில்லை. உன் அத்தையிடம் இதைச் சொல்லு: சமைக்க வேண்டாம், துவைக்க வேண்டாம், அவள் ராத்திரி ஒரு வேளை உன்னோடு முழித்திருக்கட்டும். பிள்ளை நாக்கில் தேனோ சீனித் தண்ணீரோ சேனையாகத் தொட்டு வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள், எங்கள் வீட்டிலும் வைத்தோம், இப்போது என்ன சொல்கிறார்களோ சிஸ்டரைக் கேட்டுக்கொள்.

இரவுப்பணி எழுதியது:

ஆயா, கேட்டது நல்லதாயிற்று. சேனை வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது, அதில் இருக்கும் கிருமியின் விஷம் கைக்குழந்தையின் நரம்பைத் தாக்கும். சீனித் தண்ணீரும் கிரைப் வாட்டரும் சின்ன வயிற்றில் பாலுக்கு இருக்கிற இடத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் மாமியார் செய்தது போல எழுப்பி எழுப்பிக் கொடுக்கத்தான் நாங்களும் சொல்கிறோம். தங்கச்சி, இன்னொன்று: பால் ஊற என்று இங்கே 'ஜங்கிள் ஜூஸ்' என்கிற பழச்சாற்றுக் கலவையைக் குடிக்கச் சொல்வார்கள், சில டாக்டர்கள் 'எக்லோனில்' என்ற மாத்திரையும் எழுதுவார்கள். அந்த மாத்திரை மனநோய்க்குக் கொடுக்கிற மருந்து, பால் கூடுவது அதன் பக்கவிளைவு. உங்களுக்கு ரத்த அழுத்தம் வேறு இருக்கிறது. பம்ப் ஒழுங்காக எட்டு தடவை நடக்காமல் மாத்திரைக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மாரிட்ஸ்பர்க் அப்பா எழுதியது:

கணவர் இதைப் படிக்கிறாரா? அண்ணே, உங்களுக்குத்தான். எங்கள் பையன் 36 வாரம். அவளுக்குத் தையல் வலி, மயக்க மருந்து, அதோடு ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு புது ஆள் வந்து புது யோசனை சொல்வார். கேட்டுத் தலையாட்டத்தான் அவளுக்குத் தெம்பு இருந்தது. நான் ஒரு நோட்டு வாங்கி, எத்தனை மணிக்குக் குடித்தான், பீச்சியது எவ்வளவு, ஈர நாப்கின் எத்தனை, மலம் என்ன நிறம் எல்லாம் எழுதினேன். யார் வந்து என்ன சொன்னார் என்பதையும் எழுதினேன். அடுத்த ஷிஃப்ட் வந்ததும் நோட்டை நீட்டுவேன், பேச்சு உடனே மாறும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு ஈர நாப்கினாவது வர வேண்டும், மலம் கருப்பு போய் மஞ்சளாக வேண்டும், அதுதான் எங்களுக்குச் சொன்ன கணக்கு. பம்ப் கழுவுவது முழுக்க என் வேலை. நெஞ்சில் வைத்துப் படுப்பதும் அப்பா செய்யலாம், அந்த ஒரு மணி நேரம் அவள் தூங்கட்டும்.

நெல்லைப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் பதில் எழுத நேரம் கிடைக்கவே இல்லை, இன்று பதினாறாம் நாள்.

அன்று இரவே எழுப்பத் தொடங்கினேன். காலையில் டாக்டரிடம் சிஸ்டர் அக்கா எழுதிய கேள்வியை அப்படியே கேட்டேன், குரல் நடுங்கியது, ஆனால் கேட்டேன். அவர் எடைத் தாளைத் திரும்பப் பார்த்துவிட்டு ஒரு நாள் நிறுத்தினார். காமாலை அளவு பார்த்தார்கள், எல்லைக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றரை நாள் விளக்கின் கீழே இருந்தாள், கண்ணைக் கட்டி வைத்ததைப் பார்க்க முடியவில்லை. அன்று அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. திங்கட்கிழமை ஆலோசகர் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். முன்னும் பின்னும் எடை போட்டோம்: இருபத்தைந்து நிமிடம் மார்பில் இருந்ததற்கு 8 கிராம்! எனக்கு அழுகை, அவருக்கு நிம்மதி, 'இப்போது எவ்வளவு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது' என்றார். மெல்லிய சிலிகான் காம்பு உறை ஒன்று போட்டுப் பார்த்தோம், அதில் பிடி நின்றது, மறுநாள் 22 கிராம். மூன்று நாள் ஃபார்முலா சேர்த்தோம், ஏழாம் நாளிலிருந்து என் பாலே போதுமாக இருக்கிறது. அத்தை இரவு இரண்டு மணி வேளைக்கு என்னோடு எழுந்துகொள்கிறார், ஆயா சொன்னதை வாசித்துக் காட்டினேன்.

நேற்று கிளினிக்கில் 2,550. முந்தாநாள் இரவு அலாரம் அடிப்பதற்கு முன்னால் அவளே அழுது என்னை எழுப்பினாள், அவளுக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

சிஸ்டர் அக்கா, இன்னும் ஒரே ஒரு கேள்வி. பம்பையும் உறையையும் எப்போது நிறுத்தலாம்?

இரவுப்பணி எழுதியது:

பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள், ரொம்பச் சந்தோஷம். அவசரப்படாதீர்கள், பிறக்க வேண்டிய தேதி வரும்வரை பெரும்பாலும் எல்லாம் தேவைப்படும், உங்கள் கணக்கில் இன்னும் ஒன்றரை வாரம். அப்புறம் பகலில் ஒரு பம்பை மட்டும் விடுங்கள். மூன்று நாள் கழித்து எடை பாருங்கள், நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறிக்கொண்டிருந்தால் இன்னொன்றை விடுங்கள். உறையைப் பால்வேளையின் நடுவில், அவள் நன்றாக விழித்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது கழற்றிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் திரும்பப் போட்டுவிட்டு நாளைக்கு முயலுங்கள். இரவுப் பம்பைக் கடைசியாக விடுங்கள்.